பேலன்ஸ் ஜீரோ, ஆட்டம் மட்டும் போகவில்லை: திருவொற்றியூரில் ஒரு ஸ்போர்ட்ஸ் செடான்

மணலியில் ஓர் ஆலையில் பம்ப், கம்ப்ரஸர், டர்பைன் போன்ற சுழலும் இயந்திரங்களைக் கவனித்துக்கொள்ளும் மெக்கானிக்கல் இன்ஜினியர் ஒருவர், செகண்ட் ஹேண்டில் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 வாங்கினார். வீடு திருவொற்றியூரில். வாங்கிச் சில மாதம் கழித்து, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங்கில் ஓர் ஆட்டம் வந்தது. டயர் கடையில் பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடைச் சமநிலை, பார்த்தும் போகவில்லை. அந்த ஆட்டத்தின் காரணத்தை அவர் தேடிப் பிடித்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். அதை எழுத வேண்டுமானால் அவர் ஏன் இந்தக் காரை வாங்கினார் என்பதையும் எழுதியாக வேண்டும். காரணம், அவருடைய ஆசையும் அவருடைய வேலையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

நான் அவருக்கு ஜூனியர், ஆய்வுப் பிரிவு. அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். வெல்டிங்கிலும் பைப்பிலும் விரிசல் தேடுவது என் வேலை. இந்தக் கதையில் எனக்கும் கடைசியில் கொஞ்சம் பங்கு உண்டு.

இந்த ஊரில் இந்தக் காரா?

கார் வந்த நாளிலிருந்து எல்லோரும் கேட்டது இந்த ஒரு கேள்விதான். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகம் போகும் கண்டெய்னர் வரிசை, மணலி பக்கம் டேங்கர் லாரி, மழை வந்தால் நிரம்பும் சுரங்கப்பாதை, கடல் காற்றில் உப்பு. 230 குதிரைத்திறன் வண்டியை எங்கே ஓட்டுவது என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது.

எனக்கு இதில் வேறு கருத்து உண்டு. இந்தியாவில் இயந்திரத்தோடு பிறந்து வளர்ந்த ஊர்கள் சிலவே. அதில் வடசென்னை ஒன்று. எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, பின்னால் அசோக் லேலண்ட் ஆனது. 1955-இல் என்ஃபீல்டு புல்லட் திருவொற்றியூருக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி பெரம்பூரில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்து வைத்தார். 2018-இல் வந்தே பாரத் ரயிலின் முதல் பெட்டிகள் அங்கிருந்துதான் வெளியே வந்தன. எம்ஆர்எஃப் 1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சின்னக் கொட்டகையாக ஆரம்பித்து, 1961-இல் டயர் தயாரித்தது. பஸ், மோட்டார் சைக்கிள், ரயில், டயர் எல்லாம் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் செய்யப்பட்ட ஊர் இது.

ரேஸும் இங்கேதான் இருந்தது. செங்குன்றத்தைத் தாண்டிச் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுதளத்தில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் கார், பைக் பந்தயம் நடத்தியது. 1953-இல் தொடங்கிய கிளப் அது. 1990 வாக்கில் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தளம் வந்த பிறகுதான் சோழவரம் ஓய்ந்தது. அண்ணாவின் அப்பா எண்ணூர் லேலண்டில் சேஸிஸ் லைனில் வேலை பார்த்தவர். சோழவரம் ரேஸ் என்றால் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு போவாராம். வெயிலில் நின்று, எந்த வண்டி எந்த வளைவில் எப்படிப் பிரேக் போட்டது என்பதை வீட்டில் வந்து சொல்வாராம். மகனுக்கு முதல் பாடம் அது: வண்டி எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைவிட எவ்வளவு தாமதமாகப் பிரேக் போட முடிகிறது என்பதைப் பார்.

ஏன் இந்தக் கார்

புது வண்டிகளில் அவர் பார்த்தவை இரண்டு. ஃபோக்ஸ்வேகன் வெர்ட்டஸ் ஜிடி, 1.5 லிட்டர் டர்போ, 150 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைத் திருப்பும் முறுக்குவிசை). ஹூண்டாய் வெர்னா டர்போ, 160 குதிரைத்திறன், 253 நியூட்டன் மீட்டர். நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகும் வண்டி. இரண்டும் நல்ல பிக்கப் உள்ளவை, வாரண்டியும் உண்டு. குடும்பத்தில் எல்லோரும் இதில் ஒன்றை எடுத்துவிடலாம் என்றே சொன்னார்கள்.

ஆர்எஸ் 230 இந்தியாவில் 2017-இல் வந்தது. அப்போது ஷோரூம் விலை ரூ. 24.62 லட்சம். 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 350 நியூட்டன் மீட்டர் டார்க், நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 6.8 விநாடி. குறைந்த எண்ணிக்கையில்தான் விற்றார்கள். அடுத்து 2020-இல் வந்த ஆர்எஸ் 245 நாடு முழுக்க 200 வண்டிகள் மட்டுமே. அதனால் இன்று நல்ல நிலையில் ஒன்றைப் பிடிப்பதே பெரிய வேலை.

குதிரைத்திறனைவிட அவரை இழுத்தவை வேறு இரண்டு. ஒன்று பின்பக்க சஸ்பென்ஷன். வெர்ட்டஸ், வெர்னா இரண்டிலும் பின் சக்கரங்களை டார்ஷன் பீம் என்னும் ஒரே குறுக்குத் தண்டு இணைக்கிறது. ஆர்எஸ்-இல் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி இணைப்புகள். ஒரு பக்கம் பள்ளத்தில் விழுந்தால் அந்தப் பக்கத்துச் சக்கரம் மட்டும் தன் வேலையைப் பார்க்கும். மணலிச் சாலையில் இது ஒவ்வொரு நாளும் தெரியும்.

இரண்டாவது கியர்பாக்ஸ். வெர்ட்டஸ் ஜிடியின் ஏழு கியர் டிஎஸ்ஜியில் (இரட்டை கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) கிளட்ச் உலர்ந்த வகை. ஆர்எஸ் 230-இன் ஆறு கியர் டிஎஸ்ஜியில் கிளட்ச் எண்ணெயில் மூழ்கி இருக்கும். கண்டெய்னர் வரிசையில் அரை மணி நேரம் ஊர்ந்து போகும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டும் சூடாகிக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டை எண்ணெய் எடுத்துக்கொண்டு போய்விடும். அதற்கு ஈடாக 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். ரேஸ் தளத்துக்காக எடுத்த முடிவு மாதிரித் தெரியும், ஆனால் இது முழுக்க முழுக்க எண்ணூர் நெடுஞ்சாலைக்காக எடுத்த முடிவு.

டார்க் விஷயமும் அப்படித்தான். நாற்பது அடி கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லரைத் தாண்டும்போது ஆபத்து முழுவதும் அதன் பக்கவாட்டில் இருக்கும் நேரத்தில்தான். டிரைவருக்கு நம்மைத் தெரியாது. அவரைவிட 20 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் தாண்டினால், முன்னும் பின்னும் இடைவெளி சேர்த்து 30 மீட்டரைக் கடக்க 5 விநாடிக்கு மேல் ஆகும். 1,500 ஆர்பிஎம்மிலேயே முழு டார்க் கிடைக்கும் வண்டி அந்த நேரத்தை நன்றாகக் குறைக்கும். தாண்டி முடித்தபின் மறுபடி எல்லோரோடும் சேர்ந்து சாதாரண வேகத்தில் போகலாம்.

அம்மாவுக்கு மட்டும் அவர் இதெல்லாம் சொல்லவில்லை. டிக்கியைத் திறந்து காட்டினார். கண்ணாடியோடு சேர்ந்து மேலே தூக்கும், 590 லிட்டர் இடம். ஊருக்குப் போகும்போது அரிசி மூட்டை, அடுப்பு, பேரனின் சைக்கிள் எல்லாம் போகும் என்றதும் அம்மா சம்மதித்துவிட்டார்.

ஆட்டம்

மழைக்காலம் முடிந்து சாலையெல்லாம் குழியாக இருந்த சமயம். ஒரு நாள் இரவு ஷிஃப்ட் முடிந்து வரும்போது, தண்ணீர் தேங்கிய ஒரு பள்ளத்தில் இடது முன் சக்கரம் இறங்கியது. டயர் வெடிக்கவில்லை, காற்றும் போகவில்லை. மறுநாள் பார்த்தால் வெளியே ஒரு கீறல்கூட இல்லை. அடுத்த ஞாயிறு காலை மீஞ்சூரில் ஏறி வெளிவட்டச் சாலையில் போனபோதுதான் தெரிந்தது. 80-ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் மெல்ல நடுங்க ஆரம்பிக்கிறது, 90-இல் உச்சம், 110-இல் குறைகிறது.

டயர் கடையில் வீல் பேலன்சிங் செய்தார்கள். இடது முன் சக்கரத்தில் ஈயக்கட்டி ஒட்டினார்கள். ஆட்டம் குறைந்த மாதிரி இருந்தது, போகவில்லை. திரும்பப் போனதற்கு, “மெஷின்ல ஜீரோ காட்டுது சார், வேணும்னா நீங்களே பாருங்க” என்றார் அந்தப் பையன். அவர் சொன்னது பொய்யில்லை, மெஷின் ஜீரோதான் காட்டியது. அலைன்மென்ட் பார்த்தார்கள், அதுவும் சரி. பிறகு இன்னொரு வொர்க்‌ஷாப்பில் லோயர் ஆர்ம் புஷ் (சஸ்பென்ஷன் கையின் ரப்பர் இணைப்பு) மாற்றிவிடலாம் என்றார்கள். கூடவே ஷாக் அப்சார்பரும் பார்த்துவிடலாம் என்றார்கள்.

இங்கேதான் அண்ணா நின்றார். ஆலையில் ஒரு கம்ப்ரஸர் அதிர்ந்தால் பேரிங்கை மாற்று, கப்ளிங்கை மாற்று என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போக முடியாது. எந்த அதிர்வெண்ணில், அதாவது விநாடிக்கு எத்தனை முறை, அதிர்கிறது என்று முதலில் அளக்க வேண்டும். அதிர்வெண் தெரிந்தால் எந்தப் பாகம் என்பது பாதி தெரிந்த மாதிரி.

கணக்கு எளிது. அவர் வண்டியின் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2 மீட்டர் ஓடும். 90 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 25 மீட்டர். ஆக, சக்கரம் விநாடிக்கு 12.5 முறை சுற்றுகிறது. அதிர்வும் 12.5 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 12.5 முறை) என்றால் குற்றவாளி சக்கரமோ அதோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்றோதான்.

அடுத்த ஞாயிறு நானும் கூடப் போனேன். அதிர்வைப் பதிவு செய்யும் செயலி உள்ள போனை டேஷ்போர்டில் இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டினோம். அவர் 90-இல் நிலையாக வைத்துக்கொண்டு கியரை மட்டும் மாற்றினார்: ஆறு, ஐந்து, நாலு. இன்ஜின் ஆர்பிஎம் ஒவ்வொரு முறையும் ஏறியது. போனின் வரைபடத்தில் அதிர்வைக் காட்டிய முகடு மட்டும் நகராமல் 12.5-ஐ ஒட்டியே நின்றது. இன்ஜினும் கியர்பாக்ஸும் அந்த நொடியே விடுதலை.

“சீட்ல வருதா, ஸ்டியரிங்ல வருதா பாரு தம்பி” என்றார்.

“ஸ்டியரிங்லதான்ணா. சீட் அமைதியா இருக்கு.”

“அப்ப முன் சக்கரம்.”

90-இல் உச்சம் ஏன் என்பதற்கும் காரணம் உண்டு. சக்கரம், ஹப், பிரேக் எல்லாம் சேர்ந்த கனம், டயர் என்னும் ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கார்களில் அந்த அமைப்பின் இயல்பான அதிர்வெண் பெரும்பாலும் 10 முதல் 15 ஹெர்ட்ஸுக்குள் வரும். சக்கரத்தின் சுழற்சி அதைத் தொடும் வேகத்தில் சின்னக் குறையும் பெரிதாகத் தெரியும், தாண்டினால் அடங்கும். அடங்கிவிட்டது என்று நினைத்து 110-இல் ஓட்டிக்கொண்டே இருப்பவர்கள் நிறையப் பேர். குறை அப்போதும் அங்கேயேதான் இருக்கிறது.

பேலன்ஸ் ஏன் தீர்க்கவில்லை

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பேலன்சிங்குக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்தும் ஆட்டம் போகாத பலருக்கு விடை இதில்தான் இருக்கிறது.

பேலன்சிங் மெஷின் சக்கரத்தை அந்தரத்தில் சுற்றுகிறது. எந்தப் பக்கம் எடை கூடுதல் என்று மட்டும் பார்க்கிறது. 30 கிராம் எடை மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தூரத்தில் கூடுதலாக இருந்தால், 90 கிலோமீட்டர் வேகத்தில் அது இழுக்கும் விசை சுமார் 37 நியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 4 கிலோ. எதிர்ப்பக்கம் அதே எடையில் ஈயம் ஒட்டினால் தீர்ந்தது.

ரிம் வளைந்திருந்தால் கதை வேறு. அது வட்டமாக இல்லை. சாலையில் காரின் பாரத்தைச் சுமந்துகொண்டு உருளும்போது, மேடான இடம் தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் டயர் கூடுதலாக அமுங்குகிறது. சாதாரண கார் டயரை ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக அமுக்க 200 நியூட்டன் அளவில் விசை வேண்டும். அதாவது 20 கிலோ. ஒரு மில்லிமீட்டர் கோணல், 30 கிராம் ஏற்றத்தாழ்வைப் போல ஐந்து மடங்கு விசையோடு உதைக்கிறது. இதை எந்த ஈயக்கட்டியும் சரி செய்யாது. மெஷினில் பாரம் இல்லை, அதனால் இந்த உதை அங்கே தெரியவே தெரியாது. ஜீரோ காட்டியது சரி, சாலையில் ஆடியதும் சரி. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

அண்ணா இதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேலையிலும் பார்த்திருக்கிறேன். வளைந்த ஷாஃப்டை யாரோ பேலன்ஸ் பண்ணி ஒப்பேற்றியிருந்த பம்ப் ஒன்றைக் கண்டுபிடித்த அன்று அதே முகம்.

ரிம்மை அளந்தோம்

வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, காந்த அடித்தளம் வைத்த டயல் கேஜை (சின்னக் கோணலையும் முள் அசைவில் காட்டும் அளவி) ஓர் இரும்புத் தகட்டின் மேல் நிறுத்தினோம். ரிம்மின் வெளி விளிம்பில் கேஜின் முனையை வைத்துச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால், முள் அசைவது தெரிவதே கஷ்டம். அதனால்தான் பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. கேஜை வண்டிக்கு அடியில் நகர்த்தி, உள் விளிம்பில் முனையை வைத்துச் சுற்றினார். முக்கால் சுற்று வரை முள் அடங்கி இருந்தது. பிறகு ஓர் உள்ளங்கை நீள இடத்தில் ஏறி, 1.6 மில்லிமீட்டரைத் தொட்டு, இறங்கியது. மற்ற மூன்று சக்கரங்களில் 0.4-ஐத் தாண்டவில்லை. அலாய் ரிம்மில் அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் நிம்மதி, ஒன்றைத் தாண்டினால் கழற்று என்பது அவர் வைத்திருக்கும் அளவுகோல்.

உள் விளிம்பு மட்டும் வளைந்ததால் டயரின் நடுவில் அதன் பாதிதான் போய்ச் சேரும் என்று வைத்துக்கொண்டாலும் 16 கிலோ உதை. விநாடிக்கு 12.5 முறை.

ரிம் பெண்ட் எடுக்கும் கடைகள் நம் பக்கம் நிறைய உண்டு. ஹைட்ராலிக்கில் அமுக்கி, தேவைப்பட்டால் சூடு காட்டி நேராக்கித் தருவார்கள். எடுத்துக்கொண்டு போவதற்கு முன் என்னிடம் கேட்டார்: “உன் ஸ்ப்ரே டப்பா இருக்கா தம்பி?”

டயரைக் கழற்றி, வளைந்த இடத்தின் உட்புறப் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்தேன். பெயின்ட் இருந்தால் சாயம் விரிசலுக்குள் போகாது. க்ளீனர் போட்டுத் துடைத்து, சிவப்பு பெனட்ரன்ட் (விரிசலுக்குள் ஊடுருவும் சாயம்) ஸ்ப்ரே அடித்துக் காத்திருந்தோம். பிறகு க்ளீனரில் நனைத்த துணியால் மட்டும் துடைத்தேன். க்ளீனரை நேரடியாக அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிக்கொண்டு போய்விடும். கடைசியாக, அந்தச் சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளை டெவலப்பர் மெலிதாக ஒரு பூச்சு. கொஞ்ச நேரம் வெள்ளையாகவே இருந்தது. அப்புறம் வளைவின் அடியில், விளிம்பிலிருந்து உள்நோக்கி, தலைமுடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு மேலே வந்தது. இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடித்தது.

பெண்ட் எடுக்கும் பேச்சு அதோடு முடிந்தது. வார்ப்பு அலாய் ரிம்களில் பெரும்பாலும் பயன்படுவது ஏ356 என்னும் அலுமினியக் கலவை. அதன் பலம் வெப்பப் பதப்படுத்தலில் வருகிறது. நேராக்கக் காட்டும் சூட்டில் அந்தப் பதம் கெடும். விரிசலை வெல்டிங் செய்து தேய்த்துப் பெயின்ட் அடித்தால் புதிது மாதிரி இருக்கும், ஆனால் வெல்டிங்கின் ஓரத்தில் உலோகம் இளகிப்போயிருக்கும். 100 கிலோமீட்டர் வேகத்தில் முன் சக்கரத்தில் அதை நம்பி அப்பாவையும் குழந்தையையும் உட்காரவைக்க அவர் தயாராக இல்லை. வெல்டிங் ஆய்வு செய்பவன் என்ற முறையில் நானும் அதையேதான் சொன்னேன்.

புது ரிம் சொல்லி, அது வர நாளாயிற்று. அதுவரை ஸ்டெப்னியைப் போட்டுக்கொண்டு காலனிக்குள் மட்டும் ஓட்டினார். புது ரிம் வந்ததும் முன்னால் இரண்டு டயரையும் சேர்த்து மாற்றினார். விரிசல் விட்ட பழைய ரிம்மை எடைக்குக் கேட்டவர்கள் உண்டு. பழைய இரும்புக் கடையிலிருந்து அது வெல்டிங் கடைக்குப் போய், வேறு யாருடைய காரிலாவது ஏறும் என்று அவருக்குத் தெரியும். கிரைண்டரில் மூன்று துண்டாக அறுத்த பிறகுதான் கொடுத்தார்.

திரும்ப வெளிவட்டச் சாலை, திரும்ப 90. போனில் 12.5-இல் இருந்த முகடு மற்ற இரைச்சலோடு கலந்துவிட்டது. ஸ்டியரிங்கில் சாலையின் சொரசொரப்பு மட்டும் கைக்கு வந்தது. அண்ணா ஒன்றும் சொல்லாமல் மீஞ்சூரிலிருந்து நெமிலிச்சேரி வரை ஓட்டினார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது

மெத்தென்ற சஸ்பென்ஷனும் உப்பிய டயரும் உள்ள வண்டியாக இருந்தால், அந்த ஆட்டம் பாதிக்குமேல் வழியிலேயே அமுங்கியிருக்கும். விரிசல் அங்கேயே இருந்து வளர்ந்திருக்கும். ஸ்போர்ட்ஸ் செடானின் இறுக்கமான புஷ்ஷும், பக்கச்சுவர் குட்டையான மெல்லிய டயரும் சாலையில் நடப்பதை மறைக்காமல் கைக்குக் கொண்டுவந்து சேர்த்தன. அந்த மெல்லிய டயர் இருந்ததால்தான் ரிம் அடிபட்டது என்று சொல்பவர்கள் உண்டு, அதுவும் சரிதான். ஆனால் இப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவருக்கு அது பேசுவதைக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். வேகத்தைவிட இந்தப் பேச்சுக்காகத்தான் அண்ணா காசு கொடுத்தார் என்று நான் நம்புகிறேன்.

செகண்ட் ஹேண்டில் இந்த மாதிரி வண்டி பார்ப்பவர்கள் ஓபிடி ஸ்கேனர் (காரின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் கருவி), சர்வீஸ் ஹிஸ்டரி, பெயின்ட் தடிமன் எல்லாம் பார்க்கிறார்கள். நாலு சக்கரத்தையும் லிஃப்டில் ஏற்றி, உள் விளிம்பைக் கையால் தடவி, சுற்றிப் பார்ப்பவர்கள் குறைவு. சென்னை வண்டி என்றால் இதை முதலில் செய்யுங்கள். வெளிப்பக்கம் பளபளவென்று இருப்பது எதையும் சொல்லாது.

காற்றழுத்தத்தை அவர் வாரம் ஒருமுறை காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கிறார். அழுத்தம் குறைந்த மெல்லிய டயர் பள்ளத்தில் விழுந்தால் ரிம் நேராகத் தரையில் அடிபடும். கடலுக்குப் பக்கத்தில் வீடு என்பதால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவுவதும் வழக்கமாகிவிட்டது. இரண்டு நாள் நிறுத்தி வைத்தாலே பிரேக் டிஸ்க்கில் துரு படரும். அது மேலோட்டம்தான், நாலு பிரேக்கில் போய்விடும்.

அடுத்து இருங்காட்டுக்கோட்டை தளத்தில் ஒரு நாள் ஓட்ட வேண்டும் என்று பேச்சு. அதற்கு முன் பிரேக் ஆயில் மாற்ற வேண்டும். புது டாட் 4 ரக பிரேக் ஆயில் கொதிக்கக் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வேண்டும். காற்றிலிருந்து ஈரம் ஏறிவிட்டால் அது 155 வரை இறங்கலாம் என்று தரவரையறையே சொல்கிறது. திருவொற்றியூர் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆயில் வாங்கி அலமாரியில் வைத்தாயிற்று, ப்ளீடிங் (பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றுவது) செய்ய என்னைத்தான் பெடல் மிதிக்கக் கூப்பிட்டிருக்கிறார். அப்பாவும் தளத்துக்கு வருகிறார், எந்த வளைவில் எங்கே பிரேக் என்று பார்க்க.